அடகுக் கடைக் கணக்கை லினக்ஸுக்கு மாற்றும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து அடகுக் கடைகளிலும் ஆத்தங்குடிக் கல் பட்டறைகளிலும் வின்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களின் முதல் கேள்வி, விஷுவல் பேசிக் 6 (விபி6) என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்பதுதான். வின்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் (Wine) என்ற மென்பொருளின் துணையோடு பெரும்பாலும் ஓடும். ஆனால் திரையில் திறந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

முதலில் கணக்கு விவரங்கள் சேமிக்கப்பட்டுள்ள எம்டிபி (.mdb) தரவுக் கோப்பையும் நிறுவல் சிடியையும் இரண்டு பென் டிரைவில் நகலெடுங்கள். ஒயினில் இந்த மென்பொருளுக்கென்று 32 பிட் தனி அடைவு (கோப்புறை) உருவாக்கி, துணைக் கோப்புகளை நிறுவித் தரும் வைன்ட்ரிக்ஸ் (winetricks) மூலம், மென்பொருள் ஓடத் தேவையான விபி6 ரன்டைம், தரவுக் கோப்பைப் படிக்கத் தேவையான எம்டாக் 2.8, ஜெட் 4.0 மூன்றையும் நிறுவுங்கள். பிழை 339 வந்தால் மென்பொருளின் உதிரிப் பாகமான ஏதோ ஓசிஎக்ஸ் (.ocx) கோப்பு பதிவாகவில்லை அல்லது காணவில்லை என்று பொருள். கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, ரெக்எஸ்விஆர்32 (regsvr32) கட்டளையால் பதிந்தால் பெரும்பாலும் தீரும்.

உண்மையான ஆபத்து தேதியில் இருக்கிறது. லினக்ஸின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், ஒயினும் மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும். 05/06 என்று தட்டினால் ஜூன் 5 மே 6 ஆகிவிடும். 13/06 என்றால் அப்படியொரு மாதம் இல்லாததால் மென்பொருளே சத்தமில்லாமல் சரியாக எடுத்துக்கொள்ளும். அதனால் சில சீட்டுகளுக்கு மட்டும் வட்டி தப்பாகும், கண்டுபிடிப்பது பெரும்பாடு. சரி, தமிழ் என்று மாற்றிவிடலாமே என்றால், யூனிகோடுக்கு முந்தைய டேப் (TAB) தமிழ்க் குறியீட்டின் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் இருப்பதால் வாடிக்கையாளர் பெயர்கள் சிதையக்கூடும். இந்திய ஆங்கிலம் என்று வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. அந்தத் தமிழ் எழுத்துருக் கோப்புகளை ஒயினின் ஃபான்ட்ஸ் அடைவில் போட மறக்காதீர்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேராக எல்பிடி1 (LPT1) என்ற பிரிண்டர் இணைப்பு முனைக்கு அனுப்பும் மென்பொருள் என்றால், ஒயினின் ரெஜிஸ்ட்ரியில் HKEY_LOCAL_MACHINE\Software\Wine\Ports என்ற இடத்தில் எல்பிடி1 என்ற பெயருக்கு லினக்ஸில் உள்ள பிரிண்டர் சாதனக் கோப்பின் பாதையைக் கொடுத்து, பயனரைப் பிரிண்டர் அனுமதி உள்ள எல்பி (lp) குழுவில் சேர்க்க வேண்டும். டாங்கிள் என்ற பூட்டுச் சாதனத்தைச் செருகினால்தான் திறக்கும் மென்பொருளோடு ஒயினில் மல்லுக்கட்டாதீர்கள். கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸில் பழைய வின்டோஸ் எக்ஸ்பி நிறுவி, 1 ஜிபி நினைவகம் ஒதுக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு யுஎஸ்பி டாங்கிளை அதற்குத் தாருங்கள்.

பழைய கணினியை உடனே காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். ஒரு மாதம் இரண்டிலும் பதிந்து, மாலையில் இருப்பையும் வட்டியையும் ஒப்பிடுங்கள். மாதத்தின் முதல் 12 தேதிகளில் வைத்த நகைச் சீட்டுகளை முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
காரைக்குடி.