அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்களை நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: செவிலியர் பற்றாக்குறை உள்ள அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவ உதவியாளர்களை இடைக்காலமாகப் பணியமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையாலும், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கென 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தாலும், விபத்தில் சிக்கியோர் மருத்துவமனையை விரைவில் அடைகின்றனர். ஆனால் செவிலியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனைகளில், இரவுப் பணியிலுள்ள ஒரே செவிலியர் மார்வலியோடு வந்தவருக்கு இ.சி.ஜி. எடுக்கும்போதே பாம்புக்கடி நோயாளியும் வந்துவிட்டால், யாரை விட்டு யாரைப் பார்ப்பது என்று திகைக்க நேர்கிறது. அவசரத்தின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளிகளை வகைப்படுத்துவது நல்ல முறைதான். வகைப்படுத்தவும் ஓர் ஆள் வேண்டுமே.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. முடித்தவர்கள் நம்மிடையே உள்ளனர். இத்தொழிலை 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டமும் அங்கீகரித்துள்ளது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பார்ஸ்பரோ என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் 2011 முதல், இரவு நேரத்தில் ஒரு செவிலியரும் ஒரு பாராமெடிக்கும் (அவசர மருத்துவ உதவியாளர்) சேர்ந்து, மருத்துவரிடம் தொலைபேசியில் கலந்து நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆகவே, இத்தகுதி உடையோரை அவசர சிகிச்சைப் பிரிவில் மட்டும், பணி மருத்துவர் மற்றும் பொறுப்புச் செவிலியரின் மேற்பார்வையில் நியமிக்க வேண்டுகிறேன். நோயாளியை வகைப்படுத்துதல், ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் பார்த்தல், இ.சி.ஜி. எடுத்தல், எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டுதல், இதய இயக்க மீட்பில் உதவுதல் ஆகியவற்றை அவர்களின் பணிகளாக எழுத்து வடிவில் வரையறுக்க வேண்டும். மருந்துப் பதிவேடும் வார்டுப் பொறுப்பும் செவிலியரிடமே இருக்க வேண்டும். இதில் தெளிவில்லையேல், தவறு நேரும்போது பழி யார் மேல் விழும் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

ஓடிக்கொண்டிருக்கும் 108 வாகனங்களிலிருந்து ஆட்களை எடுத்து இவ்விடங்களை நிரப்பலாகாது. மேலும், தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் நிலையில், இந்த ஏற்பாடு காலிப் பணியிடங்களை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. ஆணையிலேயே கால வரம்பைக் குறிப்பிட்டு, செவிலியர் நியமனம் முடிந்ததும் இதை மறுஆய்வு செய்ய வகை செய்யுமாறும், முதற்கட்டமாக இரவுப் பணிக்கு ஆள் மிகக் குறைந்த வட்ட மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)