வசந்திக்கு: மண்ணிலிருந்து வந்த காய்ச்சல் பற்றி

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள வசந்தி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கு இன்றுதான் பதில். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி. அதைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். சின்னவன் தேசிய சேவையை முடித்து வந்ததிலிருந்து அரிசி மூட்டை வந்த வேகத்தில் தீர்கிறது. உன் மாமாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று ருக்கு சொன்னாள். அவள் இன்னும் அந்த உப்புமா வழக்கில் தான் நிரபராதி என்றுதான் சாதிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வார்டில் ஒருவரைப் பார்த்ததிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய தமிழர், பல வருடச் சர்க்கரை. வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் வெண்டை, முருங்கை, கொஞ்சம் மஞ்சள் என்று எதையாவது நட்டுக்கொண்டிருப்பவர். மாலையானால் காய்ச்சல், இருமல், கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் நிழல். நீயும் நானும் என்ன சொல்லியிருப்போம்? வெளியில் பார்த்த மருத்துவரும் அதையேதான் சொன்னார். சளியில் கிருமி தெரியாவிட்டாலும் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். வாரக்கணக்கில் மாத்திரை உள்ளே போயும் காய்ச்சல் அசையவில்லை. அதன் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எங்கள் இளம் மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள். நான் வருவதற்குள் பட்டியல் தயார்: லிம்போமா, சார்க்காய்டோசிஸ், வாஸ்குலைட்டிஸ். பெயர் வாயில் நுழையாமல் இருக்க இருக்க அவர்களுக்கு உற்சாகம் கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் இரத்தம். போர்வையை விலக்கி அவர் காலை மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை. நமக்குப் பாடம் எடுத்த ஜே.கே. சார் இருந்திருந்தால் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்திருப்பார். இரண்டு குதிகாலிலும் ஆழமான பித்தவெடிப்பு. குளிப்பாட்டிய பிறகும் வெடிப்புக்குள் செம்மண் கோடாகத் தெரிந்தது. தோட்டத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போவாரா என்று கேட்டேன். சாமி கும்பிடும் இடத்துக்குச் செருப்போடு போகலாமா என்பது போல என்னைப் பார்த்தார்.

அப்போதும் அவர் பாதிதான் சொல்லியிருந்தார். பக்கத்தில் மகள் நின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல பெண், அப்பாவைவிட அதிகமாகப் பேசுகிறாள். அவளைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தமிழில் கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, “சிறுநீர் கழிக்க வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது அம்மா. பெண் பிள்ளை முன்னால் இதை எப்படிச் சொல்வது?” என்றார். எத்தனை நாளாக என்றேன். காய்ச்சல் தொடங்கியதிலிருந்தே.

வயிற்றை ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட்டில் சீழ்க்கட்டி, மண்ணீரலில் பொடிப் பொடியாகப் பல. நுரையீரலில் நிழல், மண்ணீரலில் சீழ், புராஸ்டேட்டில் சீழ், இவற்றோடு சர்க்கரையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் இந்த ஊரில் முதலில் நினைக்க வேண்டியது மெலியாய்டோசிஸ், ஈர மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் தொற்று. மழைக்காலம் வேறு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றினோம், கட்டியை வடித்தோம். இரத்தக் கல்ச்சரிலும் அதே கிருமிதான் வந்தது. ஆனாலும் காய்ச்சல் உடனே இறங்கவில்லை. இந்த நோயில் சரியான மருந்து கொடுத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடிப்பது சகஜம் என்று மகளிடம் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. தினமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள். இப்போது அவர் வீட்டில் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, தோட்டத்துக்குப் போகக் கூடாதா என்று தாதியரிடம் நச்சரிக்கிறார். மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும்.

உனக்கு நினைவிருக்கிறதா? நாம் படித்தபோது பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திதான். பரீட்சைக்கு வராது என்று நீயே பென்சிலால் அடித்துவிட்டாய். அந்தப் பத்தியில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், சந்தோஷப்படுவாய். இதை முதலில் கண்டுபிடித்து எழுதியது இரண்டு பேர். ரங்கூன் பொது மருத்துவமனையில் 1911ஆம் ஆண்டு, பிணப் பரிசோதனை மேசையில். ஒருவர் ஆல்பிரட் விட்மோர், இன்னொருவர் சி.எஸ். கிருஷ்ணசாமி! 1912இல் கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது. இறந்தவர்களில் பலர் மார்பின் ஊசிக்கு அடிமையான, கேட்பாரற்ற ஏழைகள். உறுப்புகளில் இருந்த சீழைப் பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் போல இருந்தது. ஆனால் கிருமி நகர்ந்தது, கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இவ்வளவையும் அந்தக் காலத்து நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பிரித்திருக்கிறார்கள். நோய்க்கு வழங்கிய பெயர் என்னவோ விட்மோர் நோய். கிருஷ்ணசாமிக்காக நான் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வார்டில் இதைச் சொன்னால் இளசுகள் மரியாதையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

இனி விளையாட்டில்லை, வசந்தி. போன வருடம் நீ சொன்ன அந்த நடவு மேஸ்திரியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை, குடி, ஐப்பசி முழுவதும் சேற்றில் கால், காசநோய் மருந்துக்கு அசையாத நிழல், கடைசியில் தொற்று உடலெங்கும் முற்றிய செப்சிஸ். அவருக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இனி யாராலும் சொல்ல முடியாது. நீ அதை நினைத்துக்கொண்டு இரவில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். ஆனால் மன்னார்குடியில் அடுத்தவர் வருவார். சுற்றிலும் நெல்வயல், வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி, வடகிழக்குப் பருவமழை. அந்தக் கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? 2016இல் வந்த ஒரு கணிப்பு, உலகத்தில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்றது. அதில் பெரும்பங்கு தெற்காசியாவில். நம் நாட்டில் மணிப்பாலிலும் வேலூரிலும் தொடர்ந்து கண்டுபிடித்து எழுதுகிறார்கள் என்றால், மண் அங்கே மட்டும் கெட்டுவிட்டது என்றா பொருள்? அங்கே தேடுகிறார்கள். சிங்கப்பூரில் ஒருவருக்கு வந்தால் சுகாதார அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் எங்கள் ஆய்வகத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன முகம்.

உன் ஊர் ஆய்வகத்தில் சூடோமோனாஸ் என்று வேறொரு கிருமியின் பெயரை எழுதி அனுப்பிவிடுவார்கள், அல்லது தோலிலிருந்து கலந்த அசுத்தம் என்று கிருமி வளர்த்த தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். விலை உயர்ந்த தானியங்கிக் கருவியே சில நேரம் பெயரை மாற்றிச் சொல்கிறது. அதற்காகக் கருவி வாங்கச் சொல்லவில்லை, தட்டில் வைத்துப் பார்க்கும் மூன்று ஆன்டிபயாடிக் மருந்து வட்டுகள் போதும். ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவ், கிராம் சாயத்தில் நெகட்டிவ் என்று வரும் கிருமி, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிகிளாவுக்கு அடங்கினால், வேறு என்று நிரூபிக்கும்வரை அது இதுதான். (மலேசியாவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகை அதிகம். நீ பயப்பட வேண்டாம், சரவாக் உன் பஸ் ரூட்டில் இல்லை.) தட்டை மூன்று, நான்கு நாள் வைத்திருக்கச் சொல், கிருமிக் கூட்டம் அதற்குப் பிறகுதான் காய்ந்த சுண்டைக்காய் போலச் சுருங்கித் தெரியும். மண்வாசனை வருகிறதா என்று யாராவது ஆர்வக்கோளாறில் மூக்கருகே கொண்டுபோனால் கையிலேயே ஒன்று போடு, மூச்சு வழியாகவும் தொற்றும். கல்ச்சர் பத்துப் பேரில் ஆறு பேரிடம்தான் பிடிபடும். ஆகவே ஒரு தடவை ஒன்றும் வளராவிட்டால் விட்டுவிடாதே. இரத்தம், சிறுநீர், சளி, தொண்டை, சீழ் எல்லாவற்றையும் அனுப்பு.

செலவு என்பாய். மெரோபெனெம் உன் நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாது என்று தெரியும். செஃப்டாசிடிம் போதும். தாய்லாந்தின் உபோன் ராச்சத்தானியில் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒரு மருந்து மட்டுமே கடுமையான நோயில் இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37ஆகக் குறைத்தது. அதுவும் நம் தஞ்சை மாதிரி நெல் விளைகிற ஊர்தான். நீ வழக்கமாகக் கொடுக்கும் செஃப்ட்ரையாக்சோனை மட்டும் நம்பாதே. தட்டில் வேலை செய்வது போலத் தெரிந்தாலும் ஆளைக் காப்பாற்றாது.

பாடம் எடுத்துவிட்டேன், மன்னித்துவிடு. நீயும் சர்க்கரைக்காரி, கொல்லையில் வெறுங்காலோடு திரிகிறவள் என்பதை மறந்துவிட்டு எழுதவில்லை. தேக்காவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். மஞ்சள் நிறம், சிரிக்காதே. பொங்கலுக்கு வருகிற ருக்குவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் ஆய்வகத்தில் கொலிஸ்டின் வட்டு இருக்கிறதா என்று முதலில் கேட்டு எழுது. இல்லையென்றால் அதையும் ருக்குவின் பெட்டியில் ஐஸ் வைத்துத் திணித்துவிடலாமா என்று பார்க்கிறேன். பேரனின் படம் அனுப்பு; போன தடவை அனுப்பியதில் உன் விரல்தான் பாதி தெரிந்தது.

அன்புடன்,
கலா