ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் தேடுங்கள்: ப்ளூ ஜேஸ் நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

நவம்பர் 2025

ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் தலைவர் மார்க் ஷபீரோ, பொது முகாமையாளர் ரொஸ் அட்கின்ஸ், முகாமையாளர் ஜோன் ஷ்னைடர் ஆகியோருக்கு,

வணக்கம்.

2024இல் 74 வெற்றிகளோடு பிரிவின் அடியில் கிடந்த அணியை ஒரே வருடத்தில் 94 வெற்றிகளுக்கும் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்துக்கும் கொண்டுவந்தீர்கள். இந்த நகரம் அதை மறக்காது. ஆனால் நவம்பர் 1 இரவு 11 இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பது) 5–4 என்று டொட்ஜர்ஸிடம் தோற்றதை "அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லி மூடிவிட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். அன்று தோற்ற விதத்துக்கான காரணம் பெயர்ப்பட்டியலிலேயே இருந்தது.

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 4–2 என்று முன்னிலையில் இருந்தோம். அதன் பிறகு டொட்ஜர்ஸ் எடுத்தது மூன்றே ஓட்டங்கள். எட்டாவதில் ட்ரே யெசாவேஜின் பந்தில் மக்ஸ் மன்சி, ஒன்பதாவதில் ஜெஃப் ஹொஃப்மனின் பந்தில் மிகேல் ரோஹாஸ், பதினொன்றாவதில் ஷேன் பீபரின் பந்தில் வில் ஸ்மித். மூன்றும் தளங்களில் யாருமில்லாதபோது அடித்த ஹோம் ரன்கள். அந்த ஓட்டங்களில் எதற்கும் நமது களத்தடுப்பைக் குறை சொல்ல முடியாது. பந்து வேலியைத் தாண்டினால் தடுப்பாளர் என்ன செய்வார்?

அந்தப் பந்துகளை எறிந்த மூவரில் இருவர், யெசாவேஜும் பீபரும், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் தொடக்கப் பந்தெறிவாளர்கள். யெசாவேஜ் இரண்டே நாள் ஓய்வில் வந்த 22 வயது இளைஞர். ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றிய) கைதான், ஆனால் தோள் ஆறுவதற்கு நேரம் வேண்டும். அவரை ஏன் கூப்பிட வேண்டி வந்தது? புல்பென்னில், அதாவது ஆட்டத்தின் நடுவே வரும் மாற்றுப் பந்தெறிவாளர்களில், நம்பிக் கூப்பிடக்கூடிய ஆட்கள் அத்தனை குறைவு.

ஹொஃப்மனைத் தனியே குற்றவாளியாக்குவது நியாயமில்லை. முந்தைய சுற்றில் சியாற்றிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்து நம்மை உலகத் தொடருக்கு அனுப்பியவரே அவர்தான். ஆனால் அவருடைய வழக்கமான பருவத்தின் கணக்கு உங்கள் மேசையில் இருந்தது: 68 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறத்தாழ இரண்டு. லீக்கின் சராசரி ஒன்றுக்குச் சற்று மேல். முன்னிலையைக் கடைசிவரை காத்து 33 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தவர்தான். என்றாலும் ஒரு ஓட்ட முன்னிலையோடு குளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்தெறிவாளர்) வரும்போது ஒரேயொரு தவறான ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) போதும் என்பதுதான் அந்த வேலையின் இயல்பு. ரோஹாஸுக்கு மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு வந்த ஸ்லைடர் வளையாமல் நடுவிலேயே தொங்கி நின்றது. உயரப் பறக்கும் பந்துகளை அடிக்கவிடும் பந்தெறிவாளரிடம் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அவருடைய ஸ்ட்ரைக்அவுட்கள் வேண்டுமென்றால் இதையும் சேர்த்தே வாங்குகிறோம்.

இது ஒரு இரவின் கதையும் அல்ல. 2022 ஒக்டோபர் 8 அன்று இதே மைதானத்தில் சியாற்றிலுக்கு எதிராக 8–1 என்று முன்னிலையில் இருந்து 10–9 என்று தோற்றோம். அந்தக் குழியை நிரப்பப் பின்னர் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1992இல் எட்டாவதுக்கு டுவேன் வார்ட், ஒன்பதாவதுக்கு டொம் ஹெங்கி என்று முகாமையாளர் யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. ஹெங்கி போன பிறகு 1993இல் வார்ட் மட்டும் 45 ஆட்டங்களைக் காத்தார். கிண்ணம் வந்த இரண்டு வருடங்களும் அவைதான்.

எனவே இந்தக் குளிர்காலத்தில் முதல் டொலர் புல்பென்னுக்குப் போக வேண்டும். அதுவும் எந்த வகை ஆளுக்கு என்பது முக்கியம். மணிக்கு 98 மைல் எறியும் இன்னொருவர் நமக்கு முதல் தேவையல்ல. சிங்கர் (கீழ்நோக்கித் தாழும் வேகப்பந்து) எறிந்து, அடிபட்ட பந்துகளில் பாதிக்கு மேல் தரையில் உருளச் செய்பவர் இருவர் வேண்டும். தரையில் உருளும் பந்து வேலியைத் தாண்டாது. அதை எடுக்க நம்மிடம் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்: சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதை மூன்று முறை வென்ற அந்த்ரேஸ் ஹிமேனெஸ், மூன்றாம் தளத்தில் ஏர்னி கிளெமென்ட். இப்படியொரு உள்களத்தை வைத்துக்கொண்டு பந்தை வானத்துக்கு அடிக்கவிடும் பந்தெறிவாளர்களை அடுக்குவது, நல்ல சமையல்காரரை வைத்துக்கொண்டு கடைச் சாப்பாடு வாங்குவது போன்றது.

ஆட்களை வாங்குவதோடு இது முடியாது. பாவிக்கும் விதமும் மாற வேண்டும். பிரெண்டன் லிட்டில் வழக்கமான பருவத்தில் 79 ஆட்டங்களில் இறக்கப்பட்டார். அவருடைய ஆயுதம் ஸ்ட்ரைக் எல்லைக்குக் கீழே விழும் வளைபந்து. கை களைத்தால் அது விழ வேண்டிய இடத்தில் விழாது, அடிப்பவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள், பிறகு வோக்தான் (நான்கு தவறான பந்துகளால் அடிப்பவருக்கு முதலாம் தளம் இலவசம்). ஒக்டோபரில் சியாற்றிலில் நடந்தது அதுவே: கால் ராலியின் ஹோம் ரன், அடுத்தடுத்து இரண்டு வோக், பின்னால் வந்தவரின் பந்தில் சுவாரெஸின் கிராண்ட் ஸ்லாம் (தளங்கள் நிரம்பியிருக்கையில் அடிக்கும் ஹோம் ரன்). லூயி வார்லண்ட் 18 பிளேஓஃப் ஆட்டங்களில் 15இல் எறிந்தார். அது சாதனை என்று எழுதப்பட்டது. எங்கள் கண்ணுக்கு அது எச்சரிக்கை. 2026இல் யாரும் 65 ஆட்டங்களைத் தாண்டக் கூடாது, மூன்று நாள் தொடர்ந்து எறியக் கூடாது என்று ஏப்ரலிலேயே கோடு போடுங்கள்.

இனி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவதின் பின்பாதி, 4–4 என்ற நிலையில் நாம் அடிக்கும் முறை. தளங்கள் நிரம்பி, ஒரு அவுட். மூன்றாம் தளத்தில் போ பிஷெற்றுக்குப் பதிலாக ஓட வந்த ஐசாயா கைனர்-ஃபலேஃபா. வார்ஷோ தரையோடு அடித்த பந்தை ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். மயிரிழையில் அவுட். தளத்தை ஒட்டியே நிற்கும்படி தனக்குச் சொல்லப்பட்டதாகக் கைனர்-ஃபலேஃபா பின்னர் கூறினார். முந்தைய இரவு அடிசன் பார்ஜர் இரண்டாம் தளத்தைவிட்டு அதிகம் விலகி, டபிள் பிளேயில் (ஒரே பந்தில் இருவர் அவுட்) ஆறாவது ஆட்டமே முடிந்துபோனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது போல மறுநாள் இந்த அறிவுறுத்தல்.

ஆனால் இரண்டு நிலைமைகளும் ஒன்றல்ல. ஆறாவது ஆட்டத்தில் இரண்டு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இரண்டாம் தளத்தில் நின்றவர் அவசரப்படத் தேவையே இல்லை. ஏழாவதில் மூன்றாம் தளத்தில் நின்றவர்தான் கிண்ணம். லீக்கின் சராசரி ஓட்ட வேகம் செக்கனுக்கு 27 அடி. ஒரு அடி கூடுதலாக விலகினால் ஏறத்தாழ 0.04 செக்கன் மிச்சம். மூன்று அடிக்கு 0.1க்கு மேல். அன்று தேவைப்பட்டது அதைவிடக் குறைவு. மூன்றாம் தளக்காரர் தளத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறாரோ, அவ்வளவு தூரம் ஓட்டக்காரரும் பயமின்றி விலகலாம். பந்து எறியப்படும்போது கோட்டுக்கு வெளியே நடந்தபடி வந்து, பந்து தட்டை அடையும் கணத்தில் வலது கால் ஊன்ற வேண்டும். தரையில் பட்டால் பாய்ச்சல், நேராகப் பறந்தால் நிறுத்தம். இன்னொன்று: தளங்கள் நிரம்பியிருக்கையில் கட்சருக்கு (ஹோமில் பந்தைப் பிடிப்பவருக்கு) ஓட்டக்காரரைத் தொட்டு அவுட்டாக்கும் தேவை இல்லை, பந்தோடு கால் ஹோம் தட்டில் இருந்தால் போதும். அப்போது சறுக்கி விழுவதால் லாபம் எதுவுமில்லை, வேகம்தான் குறையும். முதலாம் தளத்தைக் கடப்பதுபோல் நிமிர்ந்து ஓடித் தாண்ட வேண்டும். புளோரிடாவின் டனீடினில் நடக்கும் பெப்ரவரிப் பயிற்சியில் நாளுக்குப் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

பிஷெற்றை அப்போது வெளியே எடுத்ததைக் குறை சொல்ல மாட்டோம். அவருடைய முழங்கால் அவ்வளவுதான் தாங்கும். ஆனால் அதன் விலை பதினொன்றாவதில் தெரிந்தது. குவெரேரோ டபிள் அடித்து இரண்டாம் தளத்தில் நிற்க, பிஷெற்றின் இடத்தில் வந்தவர் பந்தைத் தட்டி வைத்து அவரை மூன்றாம் தளத்துக்கு நகர்த்தினார். பருவம் முழுவதும் .311 என்ற அடிப்புச் சராசரியில் அடித்த பிஷெற் இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகவும் ஓடி, அடிக்கவும் கூடிய ஒருவரை மாற்று இருக்கையில் வைத்திருப்பது ஆடம்பரமில்லை.

இதை எழுதும் நவம்பர் 2025இல் பிஷெற் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர வீரர். அவரைத் திரும்ப எடுங்கள், ஆனால் இரண்டாம் தளத்துக்கு. ஷோர்ட்ஸ்டொப்பில் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில்) ஹிமேனெஸ் நிற்கட்டும். ஏழெட்டு வருட ஒப்பந்தம் கேட்டால் மட்டும் நிதானியுங்கள். குவெரேரோவுக்கு 14 வருடங்களுக்கு 500 மில்லியன் டொலர் ஏற்கெனவே எழுதியாயிற்று.

அந்தனி சன்ராண்டர் 54 ஆட்டங்களில் .175 அடித்தார். தோள் காயம் காரணம் என்பதை ஏற்கிறோம். 92.5 மில்லியன் ஒப்பந்தம் என்பதற்காக அவருக்கு இடம் எழுதி வைக்காதீர்கள். லூக்ஸ், பார்ஜர், டேவிஸ் ஷ்னைடர் ஆகிய வீரர்களோடு மார்ச்சில் போட்டியிடட்டும். யெசாவேஜ் எல்லா மட்டங்களிலும் சேர்த்து இந்த ஆண்டு ஏறத்தாழ 140 இன்னிங்ஸ் எறிந்திருக்கிறார். அவரை மெதுவாகத் தொடங்கவிடுங்கள், தொடக்கப் பந்தெறிவாளராகவே வையுங்கள். அடுத்த ஒக்டோபரில் எட்டாவது இன்னிங்ஸில் தொலைபேசி ஒலிக்கும்போது எழுந்து வருபவர் அந்த வேலைக்கென்றே வாங்கப்பட்டவராக இருக்கட்டும்.

அன்புடன்,
ரொறன்ரோ பெரும்பாகத்துத் தமிழ் ரசிகர்கள்