கஞ்சா செய்திகளின் கீழே ஓர் உதவிக் கட்டம் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கஞ்சா செய்தி இல்லாத வாரமே இல்லை. எத்தனை கிலோ, எந்தச் சோதனைச்சாவடி, பிடிபட்டவரின் வயது, ஊர், போலீசாருக்கு நடுவே தலைகுனிந்து நிற்கும் படம். ஒன்று விடாமல் படிக்கிறேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், 'வாலிபர் கைது' என்று பார்த்தாலே அந்த வீட்டில் இப்போது என்ன பாடுபடுகிறார்களோ என்றுதான் நினைப்பு ஓடும்.

எங்கள் தேனிப் பக்கத்துக்குக் கஞ்சா புதிதல்ல. வருசநாட்டு மலையில் அதைப் பயிரிட்ட காலமும் உண்டு. கோயில் மண்டபத்தில் சாமியார்கள் இழுப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனாலும் வீட்டுப் பிள்ளை அதைத் தொடமாட்டான் என்று இருந்தது. இப்போது கல்லூரிப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், "செடிதானே ஆன்ட்டி, சாராயம் மாதிரி இல்ல. கனடாவுல கடையிலேயே விக்கிறாங்க" என்கிறார்கள். 2018 முதல் அங்கே சட்டப்படி விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் 18 வயது நிரம்பாதவருக்கு விற்றால் அங்கேயும் குற்றம். அதை மட்டும் யாரும் இவர்களுக்குச் சொல்வதில்லை.

இழுக்கிற எல்லாருக்கும் புத்தி பேதலித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பயமுறுத்தியே பிள்ளைகள் நம் பேச்சை நம்பாமல் போய்விட்டார்கள். கூட இழுக்கிற நாலு பேர் நன்றாக நடமாடுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்களே. ஆனால் 15, 16 வயதில் தொடங்கி அடிக்கடி இழுக்கிறவன் விஷயம் வேறு. 25 வயதுவரை மூளை பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சுவீடனில் ராணுவத்துக்கு ஆளெடுத்த இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் மிக அதிகமாகப் புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய் (இல்லாத குரல் காதில் கேட்பது, வீண் சந்தேகம் வருவது) புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

எங்கள் வார்டுக்கு ஒரு பாலிடெக்னிக் மாணவனைக் கூட்டி வந்தார்கள். இரண்டு காதிலும் பஞ்சு. மேலே ஓடுகிற ஃபேன் தன்னைத் திட்டுவதாகச் சொன்னான். அதை நிறுத்திய பிறகுதான் ஊசி போட விட்டான். கையிலும் இடுப்பிலும் தாயத்துகள். காத்துக்கருப்பு என்று எட்டு மாதமாகக் கோடாங்கிகளிடம் அலைந்திருக்கிறார்கள். டாக்டர் கேட்டதற்கு, "ஒரு பழக்கமும் கிடையாதுங்க" என்றார் அப்பா. அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, "பொட்டலம் வாங்கி ஊதுவான் சிஸ்டர். சொன்னா போலீஸ் வந்துருமா? பேரு கேஸ்ல ஏறிருமா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க விடாமல் எட்டு மாதம் அவரைத் தடுத்தது அந்தப் பயம்தான். இந்த நோய்க்கு வைத்தியம் தள்ளிப்போகப் போக, குணமாவதும் கடினமாகிறது.

சினிமாவில் நாயகனின் நண்பன் இழுத்துவிட்டு உளறினால் தியேட்டரே சிரிக்கிறது. அதே உளறல் பக்கத்து வீட்டில் கேட்டால் 'கஞ்சா கேஸ்' என்று பேர் வைத்துத் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, கஞ்சா, பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) போன்றவற்றின் பழக்கத்தால் உதவி தேவைப்படுகிற நிலையில் இருப்பவர்கள் நாட்டில் சுமார் 72 லட்சம் பேர். இவர்களில் எத்தனை வீட்டில் அந்த அம்மா மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ!

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், புகைத்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றத்துக்காக அவரைத் தண்டிக்க முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் இந்தப் பாதுகாப்பு ரத்தாகலாம். மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவருக்கு இதில் இடமில்லை. அப்புறம், 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை.

தற்கொலைச் செய்தி போட்டால் கீழே 104 என்ற உதவி எண்ணையும் தவறாமல் போடுகிறீர்கள். கஞ்சா கைதுச் செய்திக்கும் அதேபோல ஒரு கட்டம் போடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய மனநல உதவி எண் 14416, போதை மீட்புக்கான உதவி எண் 14446, கூடவே 'தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு' என்ற வரி. இவ்வளவும் சேர்ந்து தீப்பெட்டி அளவு இடம்தான் பிடிக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருந்த மாணவனின் முகத்தையும், காரில் மூட்டை ஏற்றி வந்தவரின் முகத்தையும் ஒரே வரிசையில் அச்சிடாதீர்கள். அந்த மாணவன் அடுத்த வாரம் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டியவன்.

— ஓய்வுபெற்ற செவிலியர், பெரியகுளம்
(அந்தக் குடும்பத்தை ஊரில் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)