கோப்பு திறக்கிறது, பொருள் மாறிவிடுகிறது: செயல்முறை வரைவுக் கருவி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிபிஎம்என் கருவிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக வரைவதற்கான பொதுக் குறியீடுதான் பிபிஎம்என். அதை வரையும் உங்கள் கருவிகளோடுதான் என் வேலை நாள் முழுவதும் போகிறது. ஒரு துறையினரோடு உட்கார்ந்து அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு, ஒரு கருவியில் வரைவேன். அந்தக் கோப்பை இன்னொரு குழு வேறொரு கருவியில் திறந்து, விவரம் சேர்த்து, வரைபடத்தின்படி வேலையை நடத்தும் மென்பொருளில், அதாவது ஓட்டும் இயந்திரத்தில், ஏற்றும். ஆறு மாதம் கழித்து அது திருத்தத்துக்காக என்னிடமே திரும்பி வரும். இப்படிக் கைமாறும்போது நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, உங்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கத்தான் இந்த மடல்.

அது புகார்களைக் கையாளும் ஒரு செயல்முறை. புகார் வந்ததும் ஓர் அலுவலரின் பட்டியலில் ஒரு டாஸ்க் சேரும். மூன்று நாளில் அவர் முடிக்கவில்லை என்றால் நினைவூட்டல் மின்னஞ்சல் போக வேண்டும். டாஸ்க் அவரிடமே இருக்க வேண்டும். பிபிஎம்என்னில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. டாஸ்க் பெட்டியின் விளிம்பில் ஒரு டைமரை ஒட்டி, அதன் இரட்டை வட்டத்தைக் கோடுகோடாக விட்டு வரைந்தால், 'நேரம் ஆனதும் இந்த வழியே ஒரு கிளை போகட்டும், நடக்கிற வேலையைத் தொடாதே' என்று பொருள். வட்டம் முழுக்கோடாக இருந்தால், 'நேரம் ஆனதும் இந்த வேலையை நிறுத்திவிட்டு இந்த வழியே போ' என்று பொருள். நான் கோடுகோடாகத்தான் வரைந்தேன்.

செயல்முறை ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அலுவலர்கள் குழம்பிப் போனார்கள். 'உங்களிடம் ஒரு புகார் நிலுவையில் உள்ளது' என்று மின்னஞ்சல் வருகிறது. பட்டியலைத் திறந்தால் அந்தப் புகாரைக் காணோம். யாரோ எடுத்து முடித்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் முடிக்கவில்லை. மூன்றாம் நாள் டைமர் அடித்ததும் இயந்திரம் நினைவூட்டலை அனுப்பிவிட்டு, டாஸ்க்கை ரத்து செய்துகொண்டே இருந்தது. தங்கள் குறையைக் கேட்க ஆள் இருக்கிறது என்று நம்பி எழுதியவர்களின் புகார்கள் அவை.

கோப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. டாஸ்க்கின் விளிம்பில் ஒட்டும் டைமர் போன்றவற்றுக்கு விளிம்பு நிகழ்வு என்று பெயர். அதற்கு, வேலையை நிறுத்த வேண்டுமா என்று சொல்லும் கேன்சல்ஆக்டிவிட்டி என்ற ஒரு பண்பு உண்டு. வேலையை நிறுத்தக் கூடாது என்றால் அதன் மதிப்பு ஃபால்ஸ் (இல்லை) என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் தரநிலையின்படி அது ட்ரூ (ஆம்). என் கோப்பில் அந்தப் பண்பே இல்லை. நான் வரைந்த கருவி, கோடுகோடான வட்டம் என்ற செய்தியைத் தனக்கு மட்டும் புரியும் ஒரு நீட்சிப் பகுதியில் பத்திரமாக எழுதி வைத்திருந்தது. திறக்கும்போதும் அங்கிருந்தே படித்துக்கொண்டது. அதனால் அதே கருவியில் எத்தனை முறை மூடித் திறந்தாலும் வட்டம் சரியாகவே தெரிந்தது. அடுத்த கருவி தரநிலையை மட்டும் படித்தது. அதன் மேல் ஒரு தவறும் இல்லை.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி நான் வெகுநாள் யோசித்தேன். அந்தக் கருவியைச் செய்தவர்கள் கவனமில்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் சோதித்துத்தான் இருப்பார்கள். ஆனால் தாங்கள் எழுதியதைத் தாங்களே படித்துச் சோதித்திருப்பார்கள். எழுதும் கையும் படிக்கும் கண்ணும் ஒரே பிழையைப் பகிர்ந்துகொண்டால், அந்தச் சோதனை எப்போதும் தேறிவிடும். பரிமாற்றத்தைச் சோதிப்பது என்றால் அடுத்தவர் எழுதிய கோப்பைப் படித்துப் பார்ப்பதும், நாம் எழுதியதை அடுத்தவர் படிக்கிறாரா என்று பார்ப்பதும்தான். வேறு வழி கிடையாது.

இது நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் தரநிலையே மாறியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2004-இல் பிபிஎம்என் முதலில் வெளிவந்தபோது அது வரைவதற்கான குறியீடு மட்டுமே. வரைந்ததை எப்படிச் சேமிப்பது என்று அது சொல்லவில்லை. எக்ஸ்பிடிஎல் போன்ற வேறு வடிவங்கள் அந்த இடத்தை நிரப்பின. 2011-இல் ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட 2.0 பதிப்பில்தான் குறியீட்டுக்கென்றே எக்ஸ்எம்எல் (கணினி படிக்கும் உரைக் கோப்பு முறை) வடிவம் வந்தது. பொருள் ஒரு பகுதி, படம் இன்னொரு பகுதி. எந்தப் பெட்டி எந்த இடத்தில், எவ்வளவு அகலம், அம்பு எந்தப் புள்ளிகள் வழியே வளைகிறது என்பது வரை எழுதி வைக்க இடம் கொடுத்தார்கள். 2013-இல் அது ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஆனது. ஒரு கருவியில் வரைந்ததை இன்னொன்றில் நம்பித் திறக்கலாம் என்பதுதான் இதற்கெல்லாம் பொருள்.

சோதிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஓஎம்ஜியில் மாதிரிப் பரிமாற்றத்துக்கென்றே ஒரு பணிக்குழு இருக்கிறது. அது வைத்திருக்கும் சோதனைத் தொகுப்பு கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ஏ வரிசையில் சிறிய வரைபடங்கள். பி வரிசையில் குறியீட்டின் உறுப்புகளைப் பரவலாகத் தொடுபவை. சி வரிசையில் நடைமுறை வேலையைப் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் ஒரு கோப்பும் உண்டு. கருவி தயாரிப்பவர் மூன்று வேலை செய்ய வேண்டும். கோப்பைத் திறந்து, திரையில் என்ன தெரிகிறது என்று படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். படத்தைப் பார்த்துத் தன் கருவியிலேயே புதிதாக வரைந்து, அந்தக் கோப்பைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, கொடுத்த கோப்பைத் திறந்து, அப்படியே வெளியே அனுப்ப வேண்டும்.

மூன்றும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இம்போர்ட், அதாவது கோப்பைத் திறப்பதை, மட்டும் சோதித்தால் படம் அழகாக வரும். உள்ளே பொருள் என்ன ஆனது என்று தெரியாது. ரவுண்ட் டிரிப், அதாவது திறந்து அப்படியே வெளியே அனுப்புவதை, மட்டும் சோதித்தால், கருவி தனக்குப் புரியாததையும் அப்படியே வைத்திருந்து திருப்பி எழுதிவிட்டுப் புரிந்ததுபோல நிற்கலாம். புதிதாக வரைந்து எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் அந்தக் கருவி தானாக என்ன எழுதுகிறது என்பது வெளியே வரும். என் டைமர் பிழையைப் பிடித்திருக்கக்கூடியது அந்த இரண்டாவது சோதனைதான்.

கிடைத்த கோப்புகளைக் கண்ணால் ஒப்பிட்டுப் பயனில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதும் உதவாது. ஒரே பொருளைத் தரும் இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளில் முன்னொட்டு வேறாக இருக்கலாம், அடையாள எண்கள் வேறாக இருக்கலாம், உறுப்புகள் ஓரளவு இடம் மாறி வரலாம். அதெல்லாம் பிழை அல்ல. கேன்சல்ஆக்டிவிட்டி ட்ரூ என்று ஒரு கோப்பில் எழுதியிருந்து, மற்றதில் ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அதுவும் பிழை அல்ல. ஃபால்ஸ் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அதுதான் பிழை. விடுபட்ட பண்புகளுக்குத் தரநிலை சொல்லும் இயல்பு மதிப்பை முதலில் நிரப்பிவிட்டு, அதன்பிறகு ஒப்பிட வேண்டும்.

இன்னும் சில இடங்களில் எனக்கு அடிக்கடி அடி விழுகிறது. வழிகள் பிரியும் இடமான கேட்வேயில் எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது போக வேண்டிய இயல்பு வழி தொலைந்து போகிறது. படத்தில் ஒரு சிறு குறுக்குக் கோடு காணாமல் போவதோடு சரி, ஆனால் ஓடும்போது செயல்முறை அந்த இடத்தில் பிழை எழுப்பி நின்றுவிடுகிறது. படப் பகுதி இல்லாத கோப்பைக் கொடுத்தால் சில கருவிகள் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டுகின்றன. செயல்முறை முழுவதும் உள்ளே இருக்கிறது, ஆனால் பயனருக்கு அது காலிக் கோப்பு.

அப்புறம் பெயர்கள். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் தினமும் தொல்லை. டாஸ்க்கின் பெயர் கோப்பில் ஒரு பண்பாக எழுதப்படுகிறது. நான் பெட்டிக்குள் பெயரை இரண்டு வரியாக உடைத்து எழுதுகிறேன். பண்புக்குள் நேரடியாக வரும் வரி முறிவை எக்ஸ்எம்எல் படிப்பான் வெற்றிடமாக மாற்றிவிடும். அது எக்ஸ்எம்எல்லின் விதி. முறிவு பிழைக்க வேண்டும் என்றால் எழுதும்போதே 
 என்று எழுத வேண்டும். எழுதாத கருவியிலிருந்து வந்த கோப்பில் என் இரண்டு வரிப் பெயர் ஒரே வரியாகி, பெட்டிக்கு வெளியே வழிகிறது. ஐம்பது பெட்டி இருக்கும் வரைபடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து எழுதிய மாலைகள் எனக்கு நிறைய நினைவிருக்கின்றன. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் பெயர் வைத்தும் சோதித்துப் பாருங்கள் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன்.

முதலில், அந்தச் சோதனைத் தொகுப்பை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஓட்டுங்கள். ஒருமுறை ஓட்டி முடிவைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஐந்து பதிப்புகளுக்கு அதையே காட்டிக்கொண்டிருந்தால் எங்களுக்கு உதவாது. முடிவை, தோல்வியடைந்த இடங்களோடு சேர்த்து, வெளியிடுங்கள். 'பிபிஎம்என் 2.0-ஐ முழுமையாக ஆதரிக்கிறது' என்ற ஒரு வரியை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியாது. 'விளிம்பு நிகழ்வில் இன்னது வரும், இன்னது வராது' என்று எழுதியிருந்தால் அதற்கேற்ப வரைந்துகொள்வேன். குறையை வெளிப்படையாகச் சொல்லும் கருவியை நான் நம்பி வாங்குவேன், மற்றவர்களுக்கும் சொல்வேன்.

எனக்கு இதைவிடவும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பைத் திறக்கும்போது உங்கள் கருவிக்கு ஏதாவது புரியவில்லை என்றால், அதை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போகாதீர்கள். எந்த டாஸ்க்கில், எந்தப் பண்பு, என்ன செய்தீர்கள் என்று ஒரு பட்டியல் கொடுங்கள். எல்லாவற்றையும் எல்லாக் கருவியும் ஆதரிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியல் மட்டும் இருந்தால், அரை மணி நேரத்தில் உட்கார்ந்து சரிசெய்துவிடுவேன். அதே மாதிரி, அடுத்த கருவியின் நீட்சிப் பகுதி உங்களுக்குப் புரியாவிட்டாலும் அழிக்காமல் திருப்பிக் கொடுங்கள். திருத்தத்துக்குப் போன கோப்பு திரும்பி வரும்போது எங்கள் படிவங்களும் குறிப்புகளும் உதிர்ந்து போயிருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாடிக்கையாளர் யாரும் இதைக் கேட்பதில்லை என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். கருவியை வாங்கும் நாளில் யாரும் கேட்பதில்லை, உண்மைதான். வாங்குகிறவர் வேறு, கோப்பைக் கைமாற்றுகிறவர் வேறு. கைமாற்றுகிறவர் பிழையைக் கையால் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார், உங்களுக்கு எழுதுவதில்லை. நானும் அப்படித்தான் இத்தனை நாள் இருந்தேன்.

இனி அப்படி இருக்கப் போவதில்லை. புகார்ச் செயல்முறையில் எனக்கு நடந்ததை வைத்து ஒரு சிறிய கோப்பு செய்திருக்கிறேன்: ஒரு தொடக்கம், ஒரு டாஸ்க், அதன் விளிம்பில் கோடுகோடான டைமர், இயல்பு வழியோடு ஒரு கேட்வே, இரண்டு முடிவுகள். அந்த டாஸ்க்கின் பெயர் இரண்டு வரி. இதை நான் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியிலும் திறந்து, வெளியே அனுப்பி, கிடைப்பதை அந்தந்தக் கருவியின் பிழைப் பதிவேட்டில் சேர்க்கப் போகிறேன். உங்கள் பெயர் வந்தால், பதிவை மூடுவதற்கு முன் அந்தக் கோப்பை ஒருமுறை வேறொருவரின் கருவியில் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கருவிகளில் தினமும் வரைபவன்