தட்டில் கொட்டச் சொல்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இதயத்தில் பைபாஸ், வால்வு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வீடியோ காலில் மருந்து ஆலோசனை தொடங்கப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். முதல் அழைப்பை எப்போது வைப்பது என்று கேட்டிருந்தாய். டிஸ்சார்ஜ் ஆன இரண்டாம், மூன்றாம் நாளுக்குள் வைத்துவிடு. கொடுத்தனுப்பிய மாத்திரை தீர்ந்து பக்கத்துக் கடையில் வாங்கும்போது அடுத்தது.

"மாத்திரை சரியாப் போடுறீங்களா?" என்று மட்டும் கேட்காதே. எல்லாரும் "ஆமா" என்பார்கள். வீட்டில் இருக்கிற அத்தனை அட்டைகளையும், ஆபரேஷனுக்கு முந்தைய பழசு உட்பட, ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டிக் காட்டச் சொல். ஒவ்வொன்றையும் திருப்பச் சொல்லி, பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை நீயே படி. கோளாறு அங்கேதான் மாட்டும். புதுச் சீட்டில் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த ஒரே காப்ஸ்யூல் இருக்கும். தட்டில் பழைய ஆஸ்பிரின் 75 தனியாகக் கிடக்கும். இரண்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் இரண்டு பிராண்டில் போனால் நாடி குறைந்து தலை சுற்றும். பயந்துபோய் இரண்டையும் நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் மோசம். அந்த மருந்தைச் சட்டென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் கிளம்பலாம்.

இன்னொன்று, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மனைவியா மருமகளா என்று கேட்டு அவரையும் உட்காரவை. பாதி நேரம் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது.

மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களிடம்தான் அதிக நேரம் போகும். வால்வில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் அசிட்ரோமுக்கு "தினம் ஒரு மாத்திரை" என்று எழுதவே எழுதாதே, மில்லிகிராமில் எழுது. கடையில் 1 மில்லிகிராம் இல்லையென்று 2 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்தால், அவர் பாட்டுக்கு அதிலும் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருப்பார். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) இலக்கு பொதுவாக அயோர்ட்டிக் வால்வுக்கு 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5, ஆனால் அவருடைய சீட்டில் எழுதியதுதான் கணக்கு. கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், அதைத் தொடவே கூடாது என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் அதே அளவு, அவ்வளவுதான். ஐ.என்.ஆர். திடீரென்று ஏறியிருந்தால், வயிற்றுப்போக்குக்குச் சொந்தமாக வாங்கிப் போட்ட மெட்ரோனிடசோல் இருக்கிறதா என்று முதலில் கேள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருந்தால் ரத்தக்கசிவு அபாயம். மலம் கருப்பாகப் போகிறதா என்றும் விசாரி.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், எடை பார்த்து எழுதட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். டோஸை நீ மாற்றாதே, அது டாக்டர் வேலை. தையலில் சீழ், காய்ச்சல், நெஞ்செலும்பில் 'கடக்' என்ற அசைவு என்றால் போட்டோ அனுப்பச் சொல்லிக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு.

போனை வைக்குமுன், வேண்டாத அட்டைகளை அவர்கள் தட்டிலிருந்து எடுத்துத் தனிப் பையில் கட்டுவதைக் கண்ணால் பார்த்துவிடு.

அன்புடன்,
கண்ணன்