சித்தி வீட்டுச் சுவர்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

அன்பு மகளுக்கு,

நீ கணினியில் செய்த வெள்ள மொடலின் படம் கிடைத்தது. களனி கங்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழமும் வேகமும் போட்டிருக்கிறாய். அம்மா அதைத் தையல் டிசைன் என்று நினைத்துவிட்டா. ஒல்லாந்தில், டெல்ஃப்டில் குளிர் எப்படி? நம்முடைய நெடுந்தீவுக்கும் ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட்தான். ஆறே இல்லாத அந்த டெல்ஃப்டில் பிறந்து, ஆறு அளக்கிற வேலைக்கு நான் வந்தேன். நீ மற்ற டெல்ஃப்டில் இருந்துகொண்டு அதே ஆற்றை அளக்கிறாய். அப்பப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மேலே ஹங்வெல்லைப் பக்கம் செக்கனுக்கு 1,000 கன மீற்றர் விடுகிறாய். நடுவில் ஓடை எதுவும் சேர்க்கவில்லை. கீழே நீ கீறிய கோட்டில் 1,200 வருகிறது. மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். எங்கிருந்தும் வரவில்லை பிள்ளை, உன் பெருக்கலில் இருந்து வந்தது.

உன் கோட்டை மூன்று துண்டாக்கிப் பார்த்தேன். ஆறு 100 மீற்றர் அகலம், 6 மீற்றர் ஆழம், வேகம் செக்கனுக்கு 1.5 மீற்றர். இடப்பக்க வெள்ளச் சமவெளி 400 மீற்றர், ஆழம் 1, வேகம் 0.2. வலப்பக்கம் 300 மீற்றர், ஆழம் அரை மீற்றர், வேகம் 0.1. நீ ஆழங்களின் சராசரி 2.5, வேகங்களின் சராசரி 0.6, அகலம் 800 என்று எடுத்துப் பெருக்கினாய். 1,200 வந்தது. துண்டு துண்டாகப் பெருக்கிக் கூட்டு: 900, 80, 15. மொத்தம் 995. துண்டுகளின் அகலம் ஒன்றல்ல, ஆழமான இடத்தில்தான் தண்ணீர் வேகமாகவும் ஓடும், அதனால் சராசரிகளைப் பெருக்கினால் விடை பிழைத்துப்போகும். சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும்.

நாங்கள் பாலத்தில் நின்று செய்ததும் இதுதான். ஆற்றைக் குறுக்கே பல துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் கரண்ட் மீற்றரை, தண்ணீரில் சுழன்று வேகம் காட்டும் கருவியை, இறக்குவோம். மேலிருந்து ஆழத்தின் 0.2 பங்கில் ஒரு வேகம், 0.8 பங்கில் ஒன்று, இரண்டின் சராசரி. காதில் ஹெட்போன், கையில் ஸ்டாப் வாட்ச், சுற்றுக்கு ஒரு 'டிக்'. மழையில் நனைந்துகொண்டு 'டிக்' எண்ணுகிறவனிடம் யாராவது நேரம் கேட்டால் கொலை விழும்.

இன்னொன்று. உன் கோடு ஆற்றைச் சரிவாக வெட்டுகிறது. வேகத்தை அப்படியே எடுக்காதே, கோட்டுக்குச் செங்குத்தான பங்கை மட்டும் எடு. பாலம் ஆற்றுக்கு நேர் குறுக்கே இல்லாமல் 30 பாகை விலகியிருந்தால் நாங்கள் 0.87ஆல் பெருக்குவோம். கோடு வெள்ளத்தின் இரண்டு கரையையும் தொட வேண்டும், ஈரமான கட்டம் ஒன்றும் வெளியே நிற்கக் கூடாது. இவ்வளவு சிரமமும் வேண்டாம் என்றால், படமாக வெளியே எடுத்த ஆழத்தையும் வேகத்தையும் விட்டுவிட்டு மொடலிடமே கேள். ஹெக்-ராஸ் போன்ற வெள்ள மென்பொருள்கள் கட்டங்களின் விளிம்பைக் கடந்து போகும் பாய்ச்சலை, அதாவது செக்கனுக்கு ஓடும் தண்ணீரின் அளவை, தாங்களே கணக்கிடுகின்றன. கோடு கீறினால் கூட்டித் தரும். ஒரு தடவையாவது கையால் செய்துவிட்டுக் கேள்.

995க்கும் 1,000க்கும் இடையிலுள்ள 5ஐப் பற்றிக் கவலைப்படாதே. வெள்ளம் ஏறும்போது 100 குறைந்தாலும் பிழை என்று சொல்ல முடியாது. செக்கனுக்கு 100 என்றால் மணிக்கு 3,60,000 கன மீற்றர். ஒரு சதுர கிலோமீற்றரில் பரவினால் 36 சென்ரிமீற்றர் உயரம். கொலன்னாவைப் பள்ளங்கள் அதை விழுங்கிவிடும். ஹங்வெல்லைக்கும் உன் கோட்டுக்கும் நடுவே தேங்கிய தண்ணீர் கூடியிருக்கிறதா என்று பார்.

நான் உண்மையில் எழுத வந்தது இதுவல்ல. "சித்தி வீட்டுச் சுவரில் உள்ள கோட்டோடு என் மொடல் ஒத்துப்போகிறது, ஆகவே பாய்ச்சலும் சரி" என்று எழுதியிருந்தாய். அந்த "ஆகவே" எனக்குப் பிடிக்கவில்லை.

2016 மே மாதம் வெல்லம்பிட்டியில் தண்ணீர் நின்ற கோடு அது. கொழும்பில் களனியின் உயரம் பார்க்கும் நாகலகம் வீதி அளவுகோலில் 7 அடி தாண்டினால் பெருவெள்ளம். அந்த முறை தாண்டியது. சுவர் சொல்வது உயரத்தை மட்டும்தான், பாய்ச்சலை அது எங்கே கண்டது? ஆழம், சரிவு, ஆற்றின் கரடு மூன்றையும் வைத்து வேகம் சொல்லும் சமன்பாடு, மானிங் 1889இல் வைத்தது, அதை எடுத்துப் பார். கரடுத்தன்மை எண்ணை 0.03இலிருந்து 0.04 ஆக்கு. சரிவு மாறாவிட்டால், முன்பு 1,000இல் வந்த அதே உயரம் இப்போது 750இலேயே வந்துவிடும். இரண்டு மொடலும் சித்தி வீட்டுக் கோட்டைத் தொடும், ஆனால் பாய்ச்சலில் நாலில் ஒரு பங்கு வித்தியாசம். இதைப் பிரிக்க அளந்த வேகம் ஒன்று வேண்டும். உயரமும் பாய்ச்சலும் சேர்த்து அளந்த பழைய தாள்களைத் தேடு. ஏறும் வெள்ளமா இறங்கும் வெள்ளமா என்றும் பார்த்துக்கொள், ஒரே உயரத்தில் ஏறும்போது பாய்ச்சல் கூட.

அந்தத் தாள்களையும் முழுக்க நம்பாதே. பெருவெள்ளத்தில் மீற்றரை இறக்க முடியாது. ஒருமுறை மிதந்து வந்த மரம் என் மீற்றரைக் கம்பியோடு கொண்டுபோனது. அளந்த புள்ளிகள் ஓரளவு உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலே, உயரத்துக்குப் பாய்ச்சல் எவ்வளவு என்று காட்டும் வளைகோட்டை நாங்கள் பென்சிலால் நீட்டினோம். நானும் நீட்டியிருக்கிறேன். அந்தப் பென்சில் கோட்டிலிருந்து எடுத்த எண் பின்னால் அட்டவணையில் "பாய்ச்சல்" என்று அச்சானது. புள்ளிகள் எங்கே முடிகின்றன என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்து.

சுவர்க் கோடு வீட்டு நிலத்திலிருந்து 4 அடி என்று நான்தான் சொன்னேன். நிலம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாகலகம் வீதி அளவுகோல் அடிக் கணக்கில், ஹங்வெல்லை அளவுகோல் மீற்றர் கணக்கில். நீ எதில் போட்டாய் என்று எழுது. ஞாயிறு பின்னேரம் நில உயரம் அளக்கிற லெவல் கருவி வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவரோடு வெல்லம்பிட்டிக்குப் போகிறேன். சித்தி புதுவருடத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாளாம். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
அப்பா